வேர் எங்கள் வீட்டில், காய் மாடி வீட்டில்

தோட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் மன அமைதிக்காகப் போட்டதாகச் சொல்கிறார்கள். நான் கோபத்தில் போட்டேன்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி நடைபாதையில் காய்கறி விற்கிற அம்மாளிடம் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிஞ்சா முற்றலா என்று பார்க்க ஒன்றை ஒடித்தேன். பிறகு இன்னொன்றை. நாலாவதை ஒடித்தபோது அந்த அம்மாள் என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டது.

"இன்னாமா, வாங்க வந்தியா, ஒடிக்க வந்தியா? ஒடிச்சு ஒடிச்சுப் பாக்கணும்னா ஊட்டாண்ட செடி வெச்சிக்கோ. நாள் பூரா ஒடிச்சிக்கினு இரு."

முப்பது வருஷமாக அந்த வீதியில் காய் வாங்குகிறேன். ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முருங்கைக்காயைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே முடிவு பண்ணிவிட்டேன். வைக்கிறேன் செடி.

எங்கள் வீடு மந்தைவெளிப் பக்கம். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலே வீடுகள் உள்ள பழைய கட்டடம். நாங்கள் கீழ்வீடு. என் வீட்டுக்காரருக்கு தி.நகரில் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக எவர்சில்வர் விற்கிற குடும்பம். நானும் பல வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தவள்தான். மகன் பொறுப்புக்கு வந்ததும், "அம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாக என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ரெஸ்ட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் ஒரே பீரோவை நாலு தடவை அடுக்கினேன்.

செடி வைக்க இடம் என்று பார்த்தால், கொல்லைப்பக்கம் காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்துக்கு நேர் மேலே மாடி வீட்டு மாமாவின் ஏ.சி. பெட்டி. அதைத் தாண்டினால் அவர் வீட்டுச் சமையலறை பால்கனி.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயது. ஏதோ மத்திய அரசு ஆபீஸில் ஃபைல்களுக்குக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவர். எங்களுக்கும் அவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் அந்த ஏ.சி.தான். ஒரு சித்திரை மாதம் நான் சந்தில் கட்டில் போட்டுக் கூழ்வடகம் காயவைத்திருந்தேன். அவருடைய ஏ.சி. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து அத்தனையும் மறுபடி கூழாகிவிட்டது. மேலே போய்க் கேட்டேன்.

"ஜலம்னா கீழ்நோக்கித்தாம்மா போகும். அது இயற்கை" என்றார்.

"அப்ப நான் மேல்நோக்கிக் கத்துறதும் இயற்கைதான் சார்" என்று ஆரம்பித்து, அடுத்து என்னென்னவோ சொன்னேன். அத்தோடு சரி. பிறகு எங்கள் தகவல் தொடர்பெல்லாம் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சின்னக் கரும்பலகையில்தான். மோட்டார் போட்டால் நேரம் எழுதிவைப்பதற்காக மாட்டியது. அதில் அவர், 'கீழ்வீட்டார் கவனத்திற்கு: இரும்புக் கதவை ஓசையின்றிச் சாத்தவும்' என்று எழுதுவார். நான் கீழே, 'மாடி வீட்டார் கவனத்திற்கு: காலை நாலரைக்கு ஸ்லோகம் ஓசையின்றிச் சொல்லவும்' என்று எழுதுவேன்.

மாமிக்கும் எனக்கும் சண்டை கிடையாது. படியில் பார்த்தால் சிரிப்போம். ஆனால் நான் செடி வைக்கத் தீர்மானித்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் மாமி ஒரு பெரிய பெட்டியோடு கால்டாக்ஸி ஏறிப் போய்விட்டாள். மகளுக்குப் பிரசவம், அமெரிக்கா போயிருக்கிறாள் என்று மாமா எதிர்வீட்டில் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது.

விதை வாட்ஸப்பில் கிடைத்தது. வீட்டுத் தோட்டக் குழு ஒன்றில் பக்கத்துத் தெருப் பெண் என்னைச் சேர்த்துவிட்டாள். உள்ளே போன பிறகுதான் அது குழு இல்லை, மடம் என்று தெரிந்தது. அட்மின் மடாதிபதி. காலையில் எழுந்தால் பஞ்சகவ்யம், மத்தியானம் ஜீவாமிர்தம் என்று இயற்கை உரப் பாடம். 'செடியோடு தினமும் பத்து நிமிடம் பேசுங்கள் சகோதரிகளே' என்று ஓர் உபதேசம். முப்பது வருஷம் ஒரே ஆளோடு பேசிப் பதில் வராத எனக்கு இன்னும் ஒரு வாயில்லா ஜீவனா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விதை நல்ல விதை. கூரியரில் அஞ்சு கொடி அவரை விதை வந்தது. ஆடிப்பட்டத்தில் ஊன்றச் சொன்னார்கள்.

சந்தைக் கொத்தினால் மண்ணைத் தவிர மற்ற எல்லாம் வந்தது. உடைந்த டைல்ஸ், சிமென்ட் கட்டி, பல் போன சீப்பு, யாரோ ஒருத்தரின் மூக்குக்கண்ணாடி. அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு இரண்டு மூட்டை செம்மண்ணும் மாட்டெருவும் போட்டு விதையை ஊன்றினேன். அஞ்சில் இரண்டை அணில் தோண்டித் தின்றது. ஒன்று முளைக்கவே இல்லை. முளைத்த இரண்டில் ஒன்றின் மேல் என் வீட்டுக்காரர் வாளியை வைத்தார்.

"அங்க செடி இருந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான், மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் மீன் அமிலம் தயாரிக்கத் துணிந்தேன். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு சேர்த்து, மூடிபோட்ட வாளியில் நாற்பது நாள் ஊறவைத்து, தண்ணீரில் கலந்து வேரில் விட வேண்டும். குழுவில் எல்லாரும் இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தழுதழுப்பார்கள். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற ஒரு பெண்ணிடம் போய் நின்றேன்.

"மீனு வேணாமா? குடலு மட்டும் போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இன்னா, ஊட்ல பூனை கீதா?"

"செடிக்கு" என்றேன்.

பக்கத்துக் கடைக்காரியிடம், "கேட்டியாக்கா? செடி மீனு துன்னுதாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கவர் நிறையக் கட்டிக் கொடுத்தாள்.

நான் மூடியை ஒழுங்காக அழுத்தவில்லை. நாலாம் நாள் வாசனை மாடி ஏறிவிட்டது. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வீடு அது. கரும்பலகையில், 'கொல்லைப்புறம் எலி ஒன்று இறந்துள்ளதாகத் தெரிகிறது. கீழ்வீட்டார் ஆவன செய்க' என்று எழுதியிருந்தார். அன்று மாலை, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கையில் டார்ச்சோடு அவரே சந்துக்கு வந்து எலியைத் தேடினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்த்தேன். வாளியின் மேல் கை வைத்து ஊன்றிக் குனிந்தார், பாவம். அவர் போன பிறகு மூடியை அழுத்தி மேலே அம்மிக்கல்லை வைத்தேன். இன்றுவரைக்கும் அவருக்கு உண்மை தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க அனுமதி இல்லை.

கொடி ஓர் அடி வளர்ந்ததும் பிடித்து ஏற ஒன்று தேவைப்பட்டது. சந்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பிகூட இல்லை. மாமாவின் ஏ.சி. பெட்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம்தான் இருந்தது. மாமா வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போவார் என்பது தெரியும். அவர் தெருமுனை திரும்பியதும் ஸ்டூலில் ஏறி, ஒட்டடைக் குச்சியின் நுனியில் தேங்காய் நார்க் கயிற்றை மாட்டி, சட்டத்துக்கு மேலாகத் தள்ளி இழுத்துக் கட்டினேன். என் வயசுக்கும் என் இடுப்புக்கும் அது பெரிய சாகசம். கீழே இறங்கியபோது எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒட்டடை" என்றேன். வானத்தில் ஒட்டடை அடிக்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஏ.சி. தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே என் செடியின் தூரில் விழுந்துகொண்டிருந்தது. வடகத்தைக் கூழாக்கிய அதே தண்ணீர். நான் ஊற்றத் தேவையே இல்லை. இரண்டு வாரம் அதை ரகசியமாக அனுபவித்தேன். மூன்றாவது வாரம் மேலே சத்தம். எட்டிப் பார்த்தால் பிளம்பர். மூன்று வருஷமாக நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் கேட்டதற்கு இணங்கி, மாமா அன்றைக்கு ஏ.சி. தண்ணீருக்குக் குழாய் போட்டு அதை மழைநீர்க் கால்வாயில் விட்டுவிட்டார். கரும்பலகையில், 'கீழ்வீட்டாரின் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'நன்றி' என்று எழுதினேன்.

தண்ணீர் நின்றாலும் கொடி நிற்கவில்லை. மீன் அமிலம் வேலை செய்தது. புரட்டாசி மாதம், ஊரே கவிச்சி தொடாமல் விரதம் இருக்கும்போது என் அவரை மட்டும் மீன் குடித்துவிட்டு மதமதவென்று வளர்ந்தது. சட்டத்தைத் தாண்டிப் பால்கனி கிரில்லுக்குப் போனது. கீழே எனக்கு மிஞ்சியது விரல் பருமனுக்கு ஒரு தண்டும், பழுத்த நாலு இலையும். சந்தில் வெயில் கிடையாது. வெயில் முழுக்க மேலே. 'நுனியைக் கிள்ளுங்கள், கிளை வெடிக்கும்' என்றது குழு. நுனி இன்னொருத்தர் வீட்டில் இருக்கும்போது எதைக் கிள்ளுவது?

அதே சமயம் மாமாவிடம் எதிர்வீட்டுக்காரி, "என்ன குழந்தை மாமா?" என்று கேட்டிருக்கிறாள். "பொண் குழந்தை" என்றாராம். மறுநாள் எல்லா வீட்டுக் கதவுக் கைப்பிடியிலும் ஒரு பொட்டலம் கல்கண்டு தொங்கியது. எங்கள் வீட்டிலும். பகையிலும் முறை தவறாத மனுஷர் என்று அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசியில் ஏ.சி. நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், ஃபேனைச் சுத்திக் கொடி. கழுத்த நெறிச்சிக்கினு கீது" என்றான். எனக்குக் கீழே வரைக்கும் கேட்டது. கரும்பலகையில், 'தங்கள் கொடி என் ஏ.சி.க்குள் அத்துமீறி நுழைந்துள்ளது' என்று வந்தது. 'கொடிக்குப் படிக்கத் தெரியாது' என்று எழுதினேன். கொஞ்சம் அதிகப்படிதான்.

ஒரு மணி நேரத்தில் பால்கனியில் மாமா, கையில் மீசை வெட்டுகிற குட்டிக் கத்தரி. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார்.

"ஃபேனை விட்டு நகத்தறதா இருந்தா இப்பவே நகத்துங்கோ. இல்லாட்டா வெட்டிடுவேன்."

"வெட்டுங்க சார். பச்சைக் கொடியை வெட்டுன பாவம் உங்களுக்கு" என்றேன். எனக்குப் பாவத்தில் நம்பிக்கை கிடையாது. அவருக்கு உண்டு என்பதில் நம்பிக்கை இருந்தது.

கத்தரியைக் கொடிக்குக் கிட்டே கொண்டுபோனவர் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பூ வந்திருக்கே" என்றார், வேறு குரலில்.

"என்ன கலர்?" என்று கேட்டுவிட்டேன். என் கொடியின் பூ எனக்குத் தெரியவில்லை.

"ஊதா. கொத்து கொத்தா." இலையை ஒதுக்கி இன்னொரு கொத்தைப் பார்த்தார். "பூ இருக்கறச்சே வெட்டப்படாது" என்று கத்தரியை ஜோப்பில் போட்டுக்கொண்டார். ஃபேனில் சுற்றியிருந்த கொடியை அவரே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுத்து கிரில்லில் விட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. நான் கீழே நின்று, "ஒடிஞ்சிரப் போகுது சார், மெதுவா" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். "கறுப்பா ஏதோ அப்பிண்டிருக்கே. எள்ளைத் தூவினாப்ல."

அசுவினி. பூங்கொத்துகளில் கும்பலாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. எட்டி அடிக்க எனக்கு வழியில்லை. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினேன். அவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினார். தினமும் காலை ஸ்லோகம் முடிந்ததும் ஸ்ப்ரே. நெற்றியில் விபூதியோடு ஒவ்வொரு கொத்தாக அபிஷேகம் பண்ணுவார். அஞ்சு நாளில் பூச்சி போனது. "நம்ம கொடி பொழச்சுடுத்து" என்றார். 'நம்ம' என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை.

கார்த்திகை பாதியில் காய் வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழிருந்து பார்த்தால் இலையின் அடிப்பக்கம்தான். கேட்டால், "பிஞ்சுதான், பிஞ்சுதான்" என்பார். ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாடியிலிருந்து அவரைக்காய் வேகிற வாசனை வரும். பச்சை அவரை வேகிற வாசனை தெரியாதா எனக்கு? பின்னாலேயே தீய்கிற வாசனையும் வரும். ஒரு வாரம் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"ஒரு அவரைக்காய்க்கு ரெண்டு பேர் போகணுமா?" என்றார் அவர்.

"நீங்க முதல் போட்டு வெச்ச கடையில எவனாவது டம்ளரைத் தூக்கிட்டுப் போனா விடுவீங்களா?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. மாமா மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயிர்சாதம். ஓரத்தில் அவரைக்காய் என்று சொல்லத்தக்க கறுப்பான ஒன்று. எங்களைப் பார்த்ததும் திருட்டுப்பூனை மாதிரி விழித்தார். வாய்க்குள் எதையோ மென்றுகொண்டே இருந்தார். விழுங்க முடியவில்லை. கடைசியில் மெதுவாக ஒரு நீளமான நாரை வாயிலிருந்து உருவித் தட்டின் விளிம்பில் வைத்தார். விளிம்பில் ஏற்கனவே பத்துப் பதினைந்து நார்கள் வரிசையாகக் கிடந்தன.

சண்டை போட வந்த நான், "நார் எடுக்காமயா சமைச்சீங்க?" என்று கேட்டேன்.

"நார் எடுக்கணுமா?" என்றார். "நாட்டு ரகம்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறை அலங்கோலமாக இருந்தது. அடிப்பிடித்த வாணலிகள் மூன்று. கிரில்லில் அவரை காய்த்துத் தொங்கியதைப் பார்த்தேன். கொத்துக்கொத்தாக, வெயில் பட்டு ஓரம் ஊதா ஓடிய காய்கள். இரண்டு மூன்று மாதமாக நான் பார்க்காத என் கொடி. அதை விட்டுவிட்டு அந்த வாணலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முறம் கேட்டேன். கிரில்லிலிருந்து பறித்துக்கொண்டுவந்து மேஜையில் கொட்டி, நுனியைக் கிள்ளி நாரை இழுத்துக் காட்டினேன். "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. வந்துருச்சா?" அவர் குனிந்து, ஃபைல் பார்க்கிற சிரத்தையோடு எடுத்தார். பத்துப் பன்னிரண்டு காய் ஆன பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "அவ அமெரிக்கா போகலை" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"ஆதம்பாக்கத்துல இருக்கா. அவ தங்கை ஆத்துல."

"அப்ப குழந்தை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பேரனுக்குப் பத்து வயசாறது. வேற யாரும் பொறக்கலை."

கல்கண்டு சாப்பிட்ட வாயை நான் மூடிக்கொண்டேன். பிறகு அவரே சொன்னார். ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு ஆபீஸ் என்பது சமையலறை ஆகிவிட்டது. பத்து வருஷமாக மாமிக்குப் பின்னால் நின்று, உப்பு போட்டாச்சா, பெருங்காயம் எப்போது, அடுப்பு ஏன் இவ்வளவு எரிகிறது என்று குறிப்பு. ஆனி மாதம் ஒரு நாள், ரசம் நுரைத்து வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று செல்போனில் டைமர் வைத்திருக்கிறார். மாமி அடுப்பை அணைத்தாள். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள்.

"கூப்பிட்டீங்களா?"

"போன்ல பேசறோம். நன்னா இருக்கியான்னா நன்னா இருக்கேங்கறா. அதுக்கு மேல எனக்குக் கேக்கத் தெரியலை." நார் எடுத்த காய்களை ஒரு கவரில் போட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார். "இதைக் கொண்டுபோய்க் குடுப்பேளா?"

"நீங்களே போகலாமே மாமா." சார் எப்போது மாமா ஆனார் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் போனா எதாவது சொல்லிடுவேன்" என்றார்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, வேளச்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு ஆதம்பாக்கம் போனேன். மாமி என்னைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தாள். நன்றாக இருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் பூசினாற்போல்.

"மாமா நீங்க அமெரிக்கால இருக்கறதா சொல்லியிருந்தார்" என்றேன்.

"அப்படியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆதம்பாக்கத்துலயே விசா குடுத்துட்டா பாரு." பேத்தி பிறந்ததற்குக் கல்கண்டு கொடுத்தார் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "பேர் என்ன வெச்சிருக்காராம்?" என்று கேட்டாள், கொஞ்சம் கோபமாகவே.

கவரைப் பிரித்து ஒரு காயை எடுத்துப் பார்த்தாள். இரண்டு ஓரத்தையும் விரலால் தடவினாள்.

"நார் யார் எடுத்தா?"

"அவர்தான்."

"அவரா!" இன்னொரு காயை எடுத்துத் தடவினாள். அதையும் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் சமைக்கட்டும்" என்றாள். "நான் வந்துட்டேன்னா கத்துக்கறதை நிறுத்திடுவார்."

நான் வந்து அதை வார்த்தை மாறாமல் சொன்னேன். மாமா அதை ஓர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மார்கழி முழுக்க சமைத்தார். சந்தேகம் வந்தால் பால்கனியிலிருந்து கூப்பிடுவார். "கடுகு வெடிக்கறது, இப்ப என்ன?" நான் கீழிருந்து பதில் கத்துவேன். வாரம் ஒரு தடவை ஆதம்பாக்கத்துக்குக் கவர். இரண்டு தடவை நான் போனேன். மூன்றாவது தடவை எனக்கு முழங்கால் வலி என்று பொய் சொல்லிவிட்டேன். சலவை வேட்டியும் துணிப்பையுமாக அவரே போனார். சாயங்காலம் தனியாகத்தான் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"காபி குடுத்தா. நான் ஒண்ணும் சொல்லலை. சர்க்கரை ஜாஸ்தி. அதைக்கூடச் சொல்லலை" என்றார், பரீட்சை நன்றாக எழுதிய பையன் மாதிரி.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. மாமி அதே பெரிய பெட்டியோடு இறங்கினாள். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, "பிளைட்டெல்லாம் சௌகரியமா இருந்துதா மாமி?" என்று கேட்டாள். "கொஞ்சம் குலுக்கித்து" என்றாள் மாமி, ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே. மாமா மூன்று படி இறங்கிவந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஏதோ கல்யாணம் நடத்திவைத்த மாதிரி இருந்தது. கொடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று சந்துக்குப் போனேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. தலைக்கு மேலே 'சரக் சரக்' என்று சத்தம். நிமிர்வதற்குள் கொடி மொத்தமும் இலையும் காயுமாக என் மேல் விழுந்தது. தலை, தோள், கையிலிருந்த சொம்பு எல்லாம் அவரை. அதை உதறிவிட்டு, தலையில் சிக்கிய இலையோடு மாடி ஏறினேன்.

"யார் வெட்டுனது?"

மாமி கையில் சமையலறைக் கத்தரி. "நீயா கீழ இருந்தே? ஐயோ, பாக்கலியே. சமையல்கட்டுல ஒரே இருட்டும்மா. துணி காய இடமில்லை, கொசு வேற. ஆறு மாசமா இந்த மனுஷர் இருட்டுல என்ன பண்ணிண்டிருந்தார்னே தெரியலை."

அவளுக்குப் பின்னால் மாமா நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை இடமும் வலமும் ஆட்டினார். பேசாதே என்று அர்த்தம். பூ இருக்கும்போது வெட்டக்கூடாது என்று என்னிடம் சொன்னவர், கொத்துக்கொத்தாகப் பூவும் காயும் இருந்த கொடி போனதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் கஷ்டம்தான். தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டேன்.

"மேல வந்துட்டே, காபி குடிச்சுட்டுப் போ" என்றாள் மாமி.

காபி குடித்துவிட்டு மூன்று பேரும் சந்துக்கு இறங்கினோம். விழுந்த கொடியைச் சுற்றி மணைபோட்டு உட்கார்ந்து காயைப் பறித்தோம். இரண்டு வாளி நிறைந்தது. மாமா நாரை எடுக்க ஆரம்பித்தார். கை வேகம் வந்திருந்தது. மாமி ஒரு காயை எடுத்து ஒரே பக்கம் மட்டும் நாரை உருவிப் போட்டாள். மாமா அதைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. மாமி கையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

"ஆமா மாமா, ரொம்ப ஜாஸ்தி" என்றேன்.

ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். ஆடியில் ஊன்றி, அணிலிடமிருந்தும் அவருடைய வாளியிடமிருந்தும் காப்பாற்றி வளர்த்த கொடியை, அஞ்சு நிமிஷத்தில் வெட்டிவிட்டார்கள் என்றேன்.

"உனக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா காபி நல்லா இருந்துச்சு" என்றேன். அவர் இன்னொரு கரண்டி அவரைப் பொரியல் கேட்டார். இரண்டு வாளி இருந்தது. போட்டேன்.